நோன்பு சேர்த்துவைத்த முட்டை: ஈஸ்டர் முட்டை மரபின் தோற்றமும் பொருளும்

1. கேள்வி

இயேசு உயிர்த்தெழுந்த காலையை நான்கு நற்செய்தி நூல்களும் விவரிக்கின்றன. கல்லறைக்கு விடியலில் வந்த பெண்கள், புரட்டப்பட்டிருந்த கல், உள்ளே உடல் இல்லாத வெறுமை ஆகியவை அந்த விவரிப்புகளில் உள்ளன. முட்டை எதிலும் இல்லை. ஆனால் கிரேக்கத் தீவுகளிலும் போலந்தின் சிற்றூர்களிலும் உக்ரைனின் கார்ப்பாத்திய மலைக்கிராமங்களிலும் முட்டை இல்லாத உயிர்ப்புப் பெருவிழாவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மறைநூலில் இல்லாத ஒரு பொருள் விழாவின் நடுவே வந்து அமர்ந்தது எப்படி?

இதற்கு இரண்டு விடைகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. வசந்தகாலப் பெண்தெய்வம் ஒன்றின் வழிபாட்டில் இருந்த முட்டையைக் கிறிஸ்தவம் எடுத்துக்கொண்டது என்பது ஒன்று. மூடிய கல்லறையின் உருவகமாகத் திருச்சபையே முட்டையைத் தேர்ந்துகொண்டது என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும் இரண்டிலும் ஒரே பிழை இருக்கிறது. முட்டைக்கு இன்று நாம் காணும் பொருளை முதலில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நடந்து தோற்றத்தைத் தேடுகின்றன. தோற்றம் வேறு கேள்வி, பொருள் வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியே கேட்டால் சான்றுகள் என்ன சொல்கின்றன என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

2. ஒரு தெய்வமும் ஒரு வாக்கியமும்

பெண்தெய்வக் கோட்பாடு முழுவதும் ஒரே ஒரு நூலின் சிறு பகுதியை ஆதாரமாகக் கொண்டது. இங்கிலாந்தின் துறவி பீட், 725-இல் காலக்கணிப்பு பற்றி எழுதிய நூலில் ஆங்கிலேயர்களின் பழைய மாதப் பெயர்களைப் பட்டியலிடுகிறார். ஏப்ரலுக்கு நிகரான மாதம் எயோஸ்த்ரே என்னும் தெய்வத்தின் பெயரால் அழைக்கப்பட்டது, அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள், இப்போது பாஸ்கா காலத்தை அவள் பெயரால் குறிக்கிறார்கள் என்பதே அவர் தரும் செய்தி. முட்டை பற்றியோ, ஈஸ்டர் முட்டையைக் கொண்டுவருவதாகச் சொல்லப்படும் முயல் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

பீட் சொன்னது பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. பிராங்கியப் பேரரசர் சார்லமேன் ஏப்ரலுக்கு இதையொத்த ஒரு ஜெர்மானியப் பெயரை வைத்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறிப்பிடுகிறார். 1958-இல் ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃப் அருகே ‘ஆஸ்திரியஹேனே’ என்னும் தாய்த்தெய்வங்களுக்குப் படைக்கப்பட்ட, ரோமானியர் காலத்தைச் சேர்ந்த 150-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்தன. இப்பெயருக்கும் எயோஸ்த்ரேக்கும் சொல்வேர் உறவு இருக்கக்கூடும். இதை விரிவாக ஆராய்ந்த பிலிப் ஷா, எயோஸ்த்ரேயை ஒரு வட்டாரத்து மக்களின் தெய்வமாகவே காண்கிறார். ஐரோப்பா முழுவதற்குமான வசந்தகால அன்னையாக அவளைக் காட்டும் சான்று எதுவும் இல்லை.

அந்தப் பெரிய வடிவத்தை அவளுக்குத் தந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. யாக்கோப் கிரிம் 1835-இல் வெளியிட்ட ஜெர்மானியத் தொன்மவியல் நூலில், பீட்டின் குறிப்பையும் மொழியியலையும் கொண்டு ‘ஒஸ்தாரா’ என்னும் தெய்வத்தை மறுகட்டமைத்தார். 1874-இல் அடோல்ஃப் ஹோல்ட்ஸ்மன், ஈஸ்டர் முயலுக்குத் தமக்கு விளக்கம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அது ஒஸ்தாராவின் விலங்காக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அந்த ‘இருந்திருக்கலாம்’ அடுத்துவந்த சில பத்தாண்டுகளில் ‘இருந்தது’ ஆயிற்று. ஜெர்மானிய மக்கள் தங்கள் தொன்மையைத் தேடிய காலத்தின் ஏக்கம் அந்த மாற்றத்தில் இருக்கிறது. அந்த ஏக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அது சான்றாகாது.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஈஸ்டர்’ என்ற சொல்லும் அதன் உறவுச் சொற்களும் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மிகச் சில மொழிகளுக்கே உரியவை. கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ரஷ்ய மொழிகள் யூதர்களின் ‘பெசாக்’ விழாவிலிருந்து வந்த பாஸ்கா என்னும் சொல்லின் வடிவங்களையே வழங்குகின்றன. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்றும் உயிர்ப்பு விழா என்றும் சொல்வது அந்தப் பெருவழக்கோடு சேர்ந்தது. முட்டை மரபு மிக ஆழமாக வேரோடியிருக்கும் கிரேக்கத்திலும் உக்ரைனிலும் எயோஸ்த்ரேயின் பெயரே விழாவில் இல்லை. பெயர் எட்டாத இடத்துக்குப் பெயருக்குரியவளின் சடங்கு மட்டும் எப்படிச் சென்றது என்பதற்குப் பெண்தெய்வக் கோட்பாட்டில் பதில் இல்லை.

3. தவக்காலமும் பெட்டைக்கோழியும்

இடைக்காலக் கிறிஸ்தவத்தின் தவக்கால நோன்பு இன்று நாம் அறிந்ததைவிடக் கடுமையானது. இறைச்சி மட்டுமன்றி முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாமே விலக்கப்பட்டிருந்தன. 692-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய திருச்சங்கத்தின் 56-ஆம் விதி, தவக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்ணும் வழக்கத்தைக் கண்டித்துத் தடுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், இறைச்சியும் முட்டையும் பால் உணவும் ஏன் விலக்கப்பட வேண்டும் என்பதைத் தனி வினாவாகவே எடுத்து விவாதிக்கிறார்.

மனிதர் நோன்பிருந்தாலும் கோழி நோன்பிருப்பதில்லை. பெட்டைக்கோழி முட்டையிடுவது பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. வட ஐரோப்பாவின் குறுகிய குளிர்காலப் பகல்களில் நாட்டுக்கோழிகள் முட்டையிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பகல் நீளும்போது மீண்டும் தொடங்கும். அதாவது, முட்டை பெருகத் தொடங்கும் அதே வாரங்களில்தான் முட்டை உண்ணத் தடை வருகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை 46 நாட்கள். ஒரு குடியானவர் வீட்டில் ஐந்து கோழிகள், ஒவ்வொன்றும் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடுவதாக வைத்துக்கொண்டால் 115 முட்டைகள் சேரும். சில அடைக்கு வைக்கப்படும், சில விற்கப்படும். எஞ்சியவை குளிர்ந்த அறையில் காத்திருக்கும், பலவும் அவித்து வைக்கப்படும். நோன்பு முடியும் காலையில் வீட்டில் மிகுதியாகவும் மலிவாகவும் கையருகிலும் இருக்கும் உணவு முட்டைதான்.

ஆவணங்களும் இதையே காட்டுகின்றன. இங்கிலாந்தின் பண்ணைநிலங்களில் குடியானவர்கள் நிலக்கிழாருக்குச் செலுத்திய பொருள்வரியில், கிறிஸ்துமஸுக்குக் கோழியும் ஈஸ்டருக்கு முட்டையும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 1290-இல் அரசர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவு பதிவாகியிருக்கிறது. அவித்து, சாயமேற்றியோ பொன்தகடு ஒட்டியோ அரண்மனையாருக்கு ஈஸ்டரில் வழங்கப்பட்டவை அவை. ஒரு பென்னிக்கு 25 முட்டை. மலிந்து கிடந்த பொருள் பொன் போர்த்தி அரசரின் பரிசானது என்பதில் இந்த மரபின் கதை முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இதைவிட வலுவான சான்று இன்றும் கண்ணெதிரே இருக்கிறது. போலந்தில் புனித சனிக்கிழமை அன்று வெள்ளைத் துணி விரித்த கூடைகளோடு மக்கள் ஆலயத்துக்குச் செல்கிறார்கள். கூடையில் சாயமேற்றிய முட்டை, தொத்திறைச்சி, வெண்ணெய், ரொட்டி, உப்பு, காரமான குதிரைமுள்ளங்கி ஆகியவை இருக்கும். குரு அவற்றின்மேல் புனிதநீர் தெளிக்கிறார். முட்டை எவற்றோடு சேர்ந்து அங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இறைச்சி, வெண்ணெய், முட்டை என நோன்பு விலக்கிய உணவுகள் அருகருகே இருக்கின்றன. 1614-இல் வெளியான ரோமைச் சடங்கு நூலிலும் பாஸ்கா ஆட்டுக்குட்டி, முட்டை, ரொட்டி ஆகியவற்றுக்கான ஆசிமொழிகள் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. முட்டை விழாவுக்குள் தனித்த ஒரு குறியீடாக நுழையவில்லை. நாற்பது நாள் காத்திருந்த உணவுகளில் ஒன்றாக, மற்றவற்றோடு சேர்ந்தே நுழைந்தது.

4. எதிர்ச்சான்றுகள்

நோன்புக் கோட்பாடு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறதா? இல்லை. அதற்கு எதிரான சான்றுகளையும் எடைபோட வேண்டும்.

முட்டையை அலங்கரிக்கும் பழக்கம் கிறிஸ்தவத்தைவிட மிகப் பழமையானது. தென்னாப்பிரிக்காவின் டீப்க்ளூஃப் குகையில் கிடைத்த, கோடுகள் கீறப்பட்ட தீக்கோழி முட்டை ஓடுகள் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. கார்த்தேஜ் நாகரிகத்தின் கல்லறைகளில் வண்ணம் தீட்டிய தீக்கோழி முட்டைகள் வைக்கப்பட்டன. பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் படையலில் வண்ண முட்டைகள் இடம்பெறுகின்றன. யூதர்களின் பாஸ்கா விருந்துத் தட்டில் வாட்டிய முட்டை ஒன்று இருக்கிறது. எருசலேம் ஆலயத்தில் செலுத்திய விழாப் பலியின் நினைவாகவும், அந்த ஆலயம் அழிந்த துக்கத்தின் அடையாளமாகவும் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

ஸ்லாவிய நிலங்களின் சான்றுகள் இன்னும் நெருக்கமானவை. போலந்தின் ஓப்போலே நகர அகழாய்வில் பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அலங்கரிக்கப்பட்ட முட்டைகள் கிடைத்தன. பழைய கீவ் அரசின் நிலப்பரப்பில் மெருகூட்டிய களிமண் முட்டைகள் கல்லறைகளிலும் குடியிருப்புகளிலும் கிடைத்திருக்கின்றன. போலந்து 966-லும் கீவ் 988-லும் கிறிஸ்தவத்தை ஏற்றன. ஆகவே இவை மதமாற்றத்தின் விளிம்பில் நிற்கும் பொருட்கள். புதிய சமயத்தோடு வந்தவையா, பழையதிலிருந்து தொடர்ந்தவையா என்பதை இவற்றைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் களிமண் முட்டையை யாரும் உண்ண முடியாது. இறந்தவரோடு புதைக்கப்பட்ட ஒரு களிமண் முட்டையை நோன்புக் கணக்கால் விளக்கிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு முறையியல் எச்சரிக்கை தேவை. ஒத்திருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததாகிவிடாது. தமிழில் ‘அண்டம்’ என்னும் சொல் முட்டையையும் பிரபஞ்சத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. ‘பிரம்மாண்டம்’ என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லுக்குள் ஒரு முட்டை இருக்கிறது. பொன்முட்டையிலிருந்து உலகம் பிறந்த கதையை நம் புராணங்கள் அறியும். அதற்காகக் கிரேக்க நாட்டுப் பாட்டி சாயமிடும் முட்டை இங்கிருந்து போனது என்று யாரும் வாதிடுவதில்லை. கல்போல் அசையாமல் கிடக்கும் ஒன்றை உடைத்துக்கொண்டு உயிர் வெளிவருவதைக் கோழி வளர்த்த எல்லா மக்களும் கண்டிருக்கிறார்கள். ஒரே காட்சி பல இடங்களில் ஒரே எண்ணத்தைத் தோற்றுவித்ததில் வியப்பில்லை.

இச்சான்றுகளிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது: மேற்கு ஐரோப்பாவில் முட்டை விழாவுக்குள் வந்ததற்கு நோன்பே போதிய விளக்கம். ஸ்லாவிய நிலங்களில் நோன்பு வழி வந்த முட்டை, அங்கே ஏற்கெனவே இருந்த முட்டை மரபு ஒன்றோடு கலந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. வெனிஷியா நியூவல் 1971-இல் ஈஸ்டர் முட்டை பற்றி எழுதிய நாட்டார் வழக்காற்றியல் நூலைப் புரட்டினாலே, எத்தனை நிலங்களில் எத்தனை விதமாக இந்த வழக்கம் கிளைத்திருக்கிறது என்பது தெரியும். அத்தனைக்கும் ஒரே வேரைக் காட்ட முயல்வது பொருளின் இயல்புக்கே பொருந்தாது.

5. சிவப்பு: செயலுக்குப் பின் வந்த பொருள்

கிரேக்கத்தில் முட்டைக்குச் சாயமிடும் நாள் பெரிய வியாழன். நிறம் சிவப்பு. வெங்காயச் சருகுகளைக் கைநிறைய எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டுவார்கள். கொஞ்சம் வினிகர் சேர்ப்பார்கள். வினிகரின் புளிப்பு ஓட்டின் சுண்ணாம்பை இலேசாக அரிக்க, சாயம் பற்றிக்கொள்ளும். சிலர் கொத்தமல்லி போன்ற தழையின் இலை ஒன்றை முட்டைமேல் ஒட்டி, மெல்லிய துணியில் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் இறக்குவார்கள். வெளியே எடுத்து அவிழ்த்தால் இலை இருந்த இடம் மட்டும் வெளிறி, நரம்புகளோடு அதன் வடிவம் பதிந்திருக்கும். ஆறியபின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் செங்கல் நிறம் பளபளக்கும்.

ஏன் சிவப்பு? கிறிஸ்துவின் இரத்தம் என்பது பெரும்பான்மை விளக்கம். மகதலா மரியா பேரரசர் திபேரியுசிடம் உயிர்ப்பை அறிவித்தபோது, இந்த முட்டை சிவந்தால்தான் அது நடக்கும் என்று அவர் சொல்ல, முட்டை அங்கேயே சிவந்தது என்பது ஒரு கதை. சிலுவையடியில் இருந்த முட்டைக் கூடைமேல் இரத்தத் துளிகள் விழுந்தன என்பது இன்னொரு கதை. ‘மெசபத்தோமியாவின் ஆதிக் கிறிஸ்தவர்கள் முட்டையைச் சிவப்பாக்கினார்கள்’ என்று இன்று உறுதியாகச் சொல்கிறார்கள். அதற்குப் பலரும் சுட்டும் சான்றோ, ஆங்கில அறிஞர் தாமஸ் ஹைட் கீழை நாட்டு விளையாட்டுகள் பற்றி 1694-இல் எழுதிய நூல். தம் காலத்துச் சிறுவர்களின் வழக்கத்தை அவர் பதிவு செய்தது, பிற்காலத்தவர் கையில் முதல் நூற்றாண்டுகளின் வரலாறாக மாறிவிட்டது.

ஒரே செயலுக்குப் பல காரணக் கதைகள் வழங்கினால், செயல் முந்தியது, கதைகள் பிந்தியவை என்று கொள்வதே நாட்டார் வழக்காற்றியலின் பொது அனுபவம். சிவப்பு, எளிதில் கிடைத்த சாயங்களில் ஒன்று. வெங்காயச் சருகிலிருந்தும் மஞ்சிட்டி இனத்து வேர்களிலிருந்தும் அதை எடுக்கலாம். அடுப்பங்கரையில் கிடைத்த நிறம் நம்பிக்கையின் நிறமாக உயர்ந்தது.

இப்படிச் சொல்வது அந்த நம்பிக்கையைக் குறைத்து மதிப்பதாகாது. நாற்பது நாள் விலகியிருந்து, சிலுவைப்பாடுகளை நினைந்து, நள்ளிரவு வழிபாட்டில் ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்று கேட்டுவிட்டு வீடு திரும்பும் ஒருவர் கையில் எடுக்கும் முதல் உணவு அந்தச் சிவந்த முட்டை. குடும்பத்தார் முட்டையோடு முட்டையை மோதுகிறார்கள். ஒருவர் ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ என்கிறார். மற்றவர் ‘அலித்தோஸ் அனெஸ்தி’, அதாவது ‘மெய்யாகவே உயிர்த்தார்’ என்கிறார். ஓடு உடைகிறது, கல்லறை திறக்கிறது. இந்த உருவகத்தை எந்தச் சங்கமும் சட்டமாக இயற்றவில்லை. பசித்த நாவும் துக்கித்த மனமும் ஒரே நொடியில் நிறைவு பெற்ற அனுபவத்திலிருந்து அது எழுந்தது. பசி இல்லாமல் அந்தப் பொருள் பிறந்திருக்காது.

6. முட்டைமேல் எழுதுதல்

உக்ரைனில் இருவகை முட்டைகள் உண்டு. ஒரே நிறத்தில் சாயமேற்றிய, அவித்த, உண்ணத்தக்க முட்டை க்ராஷங்கா. நிறம் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மெழுகால் கோலம் வரைந்த பச்சை முட்டை பிசாங்கா. அதன் வேர் ‘எழுது’ என்னும் வினை. ஆகவே அதை வரைவதாக அம்மக்கள் சொல்வதில்லை, எழுதுவதாகவே சொல்கிறார்கள்.

எழுதும் முறை பாத்திக் துணிக்கு மெழுகிடுவதைப் போன்றது. குச்சியில் கட்டிய சிறு உலோகக் கூம்பு எழுதுகோல். அதைத் தீச்சுடரில் காட்டித் தேன்மெழுகை உருக்கி, வெள்ளை முட்டைமேல் முதல் கோடுகளை இழுப்பார்கள். மெழுகு மூடிய இடம் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். பிறகு முட்டை மஞ்சள் சாயத்தில் இறங்கும். மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்கள் மெழுகால் மூடப்படும். அடுத்து ஆரஞ்சு, சிவப்பு, இறுதியில் கறுப்பு. இந்த நிலையில் கையில் இருப்பது மெழுகு அப்பிய, கரிய, அழகற்ற ஓர் உருண்டை. சுடரின் பக்கவாட்டில் காட்டி, மெழுகு உருகி ஈரமாக மின்னும்போது துணியால் துடைக்க, அடியில் மறைந்திருந்த எல்லா நிறங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. எழுதியவருக்கே முழு உருவமும் அப்போதுதான் தெரியும்.

பிசாங்கா உணவாகாது. ஞானப்பெற்றோருக்குப் பரிசாகக் கொடுப்பார்கள், கால்நடைத் தொழுவத்திலும் தேனீப் பெட்டியருகிலும் வைப்பார்கள், கல்லறைக்கும் கொண்டுசெல்வார்கள். நோன்புக் கணக்குக்குள் அடங்காத பழைய மரபு ஒன்று கலந்திருக்கிறது என்ற ஐயத்துக்கு இந்தப் பயன்பாடுகளே முதன்மைக் காரணம். பிசாங்காக்கள் எழுதப்படும்வரைதான் உலகம் நிலைக்கும், எழுதுவோர் குறைந்தால் கட்டுண்டு கிடக்கும் தீயசக்தியின் சங்கிலி தளரும் என்பது ஹுட்சுல் மலைமக்களிடையே வழங்கும் நம்பிக்கை. சோவியத் ஆட்சியில் சமயச் சடங்கு என்று இக்கலை ஒடுக்கப்பட்டபோது, கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய உக்ரைனியர் அதைக் காத்தார்கள். கொலோமியா நகரில் இன்று பிசாங்காவுக்கென்றே, முட்டை வடிவக் கட்டடத்தில், ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2024-இல், போருக்கு நடுவே, யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிசாங்காவைச் சேர்த்தது. எழுதுவது நின்றால் உலகம் நிற்காது என்று நம்பிய மக்களுக்கு அந்த ஏற்பு வெறும் சான்றிதழாக இருந்திருக்காது.

7. முயலும் சாக்லேட்டும்

முட்டையிடும் முயல் நாம் நினைப்பதைவிட இளையது. ஜெர்மன் மருத்துவர் ஃபிராங்க் ஃபொன் ஃபிராங்கெனாவ் 1682-இல் ஈஸ்டர் முட்டைகள் பற்றி எழுதிய லத்தீன் நூலில், அல்சாஸ், பாலாட்டினேட் பகுதிகளில் முயல் முட்டையிட்டுத் தோட்டத்துப் புல்லில் ஒளித்துவைப்பதாகக் குழந்தைகளிடம் சொல்லும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். ஜெர்மன் மொழி பேசும் பிற பகுதிகளில் நரி, குயிலினப் பறவை, நாரை என முட்டை கொண்டுவருபவை வேறுவேறாக இருந்தன. ஒரு தெய்வத்தின் புனித விலங்கு ஊருக்கு ஊர் மாறாது. குழந்தைக் கதையின் பாத்திரம் மாறும்.

பின்னர் முட்டை சந்தைக்கு வந்தது. 1873-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனமும் 1875-இல் காட்பரியும் உள்ளீடற்ற சாக்லேட் முட்டைகளைச் செய்தன. 1885-இல் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர் தம் மனைவிக்காகப் பொற்கொல்லர் ஃபபெர்ஜேயிடம் முதல் அரச முட்டையைச் செய்வித்தார். அது ஏழைச் சமையலறையின் மிச்சப்பொருள் எட்டிய மிக உயர்ந்த விலை. ஆனால் சாக்லேட் முட்டை தவக்காலம் தொடங்கும் முன்பே கடைகளுக்கு வந்துவிடுகிறது. காத்திருப்பு இல்லாத முட்டை இனிப்பாக இருக்கலாம். அது விடுதலையாக இருக்க முடியாது.

8. முடிவாக

சான்றுகளைத் தொகுத்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. எயோஸ்த்ரே ஒரு வட்டாரத் தெய்வமாக இருந்திருக்கக்கூடும். அவளுக்கும் முட்டைக்கும் உறவைக் கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. முட்டையை விழாவுக்குள் கொண்டுவந்தது நோன்பின் நாட்காட்டியும் கோழியின் நாட்காட்டியும் மோதிக்கொண்ட இடம். ஸ்லாவிய நிலங்களில் அதோடு பழைய அடுக்கு ஒன்றும் சேர்ந்திருக்கலாம். பொருளோ தோற்றத்திலிருந்து தானாக வரவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் செய்து செய்து ஏற்றியது அது. தோற்றம் பழமையானது என்று நிறுவினால்தான் ஒரு வழக்கம் மதிப்புப் பெறும் என்ற எண்ணம் நம் ஆய்வுலகிலும் உண்டு. ஈஸ்டர் முட்டை அந்த எண்ணத்தை மறுக்கிறது.

கிரேக்க வீடுகளில் பெரிய வியாழனன்று முதலில் சிவக்கும் முட்டை அன்னை மரியாவுக்கு உரியது. அதை யாரும் உடைப்பதில்லை. திருவுருவப் படங்கள் இருக்கும் மாடத்தில் ஓராண்டு இருக்கும். உள்ளிருப்பது மெல்ல மெல்ல வற்றி முட்டை இலேசாகிவிடும், சிவப்பும் மங்கும். அடுத்த பெரிய வியாழனில் அதை எடுத்துவிட்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய புதிய முட்டையை அங்கே வைப்பார்கள். பழைய முட்டையை எவ்வளவு ஆராய்ந்தாலும் அந்த வீட்டுக்கு அது என்ன என்பது முழுதாகத் தெரியாது. ஆண்டுதோறும் புதியதை வைக்கும் அந்தக் கையில்தான் அது இருக்கிறது.